பெல்ட்டு போட்டாச்சு, எங்கே மாட்டுறது?

தஞ்சாவூர்ப் பக்கத்துல பொறந்துட்டு பெரிய கோயிலைப் பத்தி ஒரு பதிவாவது எழுதலைன்னா ஊருக்குள்ள மதிக்க மாட்டாங்க. நிழல் தரையில விழாது, உச்சியில 80 டன்னுல ஒரே கல்லு, நந்தி வளர்ந்துக்கிட்டே போச்சு... எல்லாத்தையும் ஏற்கெனவே ஆளாளுக்குப் பிரிச்சு மேஞ்சாச்சு. (நிழல் நல்லாவே விழும். சாயங்காலம் நாலரை மணிக்குப் போய்ப் பாருங்க.) நான் கேக்கப் போற கேள்வி கொஞ்சம் சின்னது. அந்த உசரத்துல வேலை பார்த்தவங்க கீழே விழாம இருக்க என்ன பண்ணினாங்க? இடுப்புல கயிறு கட்டியிருந்தாங்கன்னா, அந்தக் கயித்தோட அடுத்த முனை எதுல கட்டியிருந்துச்சு?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததுக்குக் காரணம் வரலாற்று ஆர்வம் இல்லை, வயித்துப்பாடு. படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேர். கட்டுமான வேலைகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்குற ஒரு மென்பொருள்ல கொஞ்ச நாளா கோடு தட்டிக்கிட்டு இருக்கேன். உயரத்துல வேலைன்னா அதுக்குன்னு ஒரு திரை. ஹெல்மெட் போட்டாச்சா, டிக். ஷூ, டிக். பெல்ட், டிக். கடைசியா ஒரு காலிக் கட்டம்: ஆங்கர் எது? அதுல என்ன எழுதியிருக்காங்கன்னு ஒரு நாள் டேட்டாவைக் கொட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல 'ஓகே'. மீதியில நிறைய வெறும் புள்ளி. கட்டத்தைக் காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது, அதனால ஒரு புள்ளி. பெல்ட்டு போட்டிருக்கான்னு எல்லாருக்கும் தெரியும். அது எதுல மாட்டியிருக்குன்னு கேட்டா புள்ளி!

ஆங்கர்னா அகராதியில நங்கூரம்னு போட்டிருக்கும். கப்பலுக்குச் சரி. டெல்டாக்காரனுக்கு அதைவிட நல்ல வார்த்தை இருக்கு: முளை. மாட்டை எவ்வளவு நல்ல கயித்துல கட்டினாலும் முளை ஆடிக்கிட்டு இருந்தா விடியறப்போ மாடு அடுத்தவன் நாத்தங்கால்ல நிக்கும். உயரத்துல வேலை பாக்குற ஆளுக்கும் இதே கதைதான். உடம்புல ஹார்னஸ், அதுலேர்ந்து ஒரு கயிறு, கயித்து முனையில ஒரு கொக்கி, அந்தக் கொக்கி போய் மாட்டுற இடம்தான் ஆங்கர். கட்டடத்துல மாட்டுறதுக்குத் தோதா வளையம் எதுவும் தானா முளைச்சிருக்காது. அதனால நடுவுல ஒரு சாமான் வேணும். தூணைச் சுத்திப் போடுற பட்டையா இருக்கலாம், இரும்பு உத்திரத்தைக் கவ்வுற கிளாம்ப்பா இருக்கலாம், கான்கிரீட்டுல இறக்கின கண்ணுள்ள போல்ட்டா இருக்கலாம். இதுக்குப் பேரு ஆங்கர் கனெக்டர். மொத்தச் சங்கிலியிலயும் யார் கண்ணுக்கும் படாத அயிட்டம் இதுதான்.

சரி, கோயிலுக்குப் போவோம்.

ராஜராஜன் தன்னோட 25-ம் ஆட்சியாண்டில், 275-ம் நாள், விமானத்து உச்சியில வைக்கச் செப்புக் கலசம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்லுது. கி.பி. 1010. கணக்கு எழுதுறதுல ராஜராஜன் ஆளுங்களை மிஞ்ச ஆள் கிடையாது. தலைமைத் தச்சன் பேரு வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்னு இருக்கு. அவரோட இன்னும் ரெண்டு பெருந்தச்சர்கள் பேரும் இருக்கு. ஆடல் மகளிர் 400 பேர், அவங்க எந்தத் தெரு எந்த வீடு, சம்பளம் எவ்வளவு நெல்லு, கணக்கப்பிள்ளை, வண்ணான், நாவிதன், தையல்காரர், விளக்குக்கு எண்ணெய் எல்லாம் இருக்கு. நாவிதர் பேர் வரைக்கும் வெட்டி வச்ச கல்லுல சாரம் கட்டினவங்களுக்கு ஒரு வரி இடம் கொடுக்கலை. ஆக, கல்வெட்டை விட்டுட்டு ஊர்ப் பேரைத்தான் புடிக்கணும்.

ஊர்ப் பேரு சாரப்பள்ளம். தஞ்சாவூர்லேர்ந்து ஆறு கிலோமீட்டர்னு சொல்லுவாங்க. அங்கேருந்து விமானத்து உச்சி வரைக்கும் சாரம் போட்டுத்தான் கல்லை ஏத்தினாங்கன்னு எங்க ஊர்ல எல்லாப் பாட்டியும் சொல்லும். சாரம்னா இங்கே மண்ணைக் கொட்டி அமைச்ச சரிவுப் பாதை. கேக்க நல்லாத்தான் இருக்கு. இன்ஜினியரிங் படிச்ச கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். நீளம் 6,000 மீட்டர், முடியுற இடத்துல உயரம் 60 மீட்டர்னு வச்சுக்குவோம். பக்கவாட்டு முக்கோணம் மட்டும் 1,80,000 சதுர மீட்டர். அகலம் வெறும் 10 மீட்டர்னாலும் 18 லட்சம் கன மீட்டர் மண்ணு. இது ரெண்டு பக்கமும் சுவரு மாதிரி செங்குத்தா நின்னா. மண்ணு அப்படி நிக்காது, ரெண்டு பக்கமும் சரியும், அதையும் சேர்த்தா இன்னும் பல மடங்கு. இன்னிக்கு டிப்பர் லாரிக்குப் பத்து கன மீட்டர்னு வச்சா லட்சத்து எண்பதாயிரம் லோடு, அதுவும் கம்மிக் கணக்குல. அதனாலதான் ஆராய்ச்சிக்காரங்க பல பேர் அந்த நீளத்துல பாதை இருந்திருக்காது, விமானத்தை ஒட்டியே சுத்திச் சுத்தி ஏறுற மாதிரி இருந்திருக்கலாம்னு யோசிக்கிறாங்க. உச்சிக் கல்லும் ஒரே கல்லு இல்லை, பல துண்டுகளைச் சேர்த்ததுன்னு ஆயிடுச்சு. பாட்டிங்க கோச்சுக்க வேணாம்.

பாதை நேரா வந்துச்சா சுத்தி வந்துச்சாங்கறது எனக்கு இங்கே முக்கியமில்லை. மண்ணால பாதை போட்டு ஏறினா என்ன நடக்குதுன்னு பாருங்க: தரையும் கூடவே மேலே வருது. பாதையில நடுவுல நடக்கிறவனுக்குக் காலுக்குக் கீழே 150 அடிப் பள்ளம் இல்லை, மண்ணு இருக்கு. ஓரத்துக்குப் போனாலும் செங்குத்தா விழ மாட்டான், உருளுவான். பாதுகாப்புக்காக யாரும் அப்படிச் செய்யலை, கல்லு கனம்கறதால செஞ்சாங்க. ஆனா விளைவு அதுதான். இன்னிக்குப் பாதுகாப்புப் பாடப் புத்தகத்துல முதல் விதி, ஆளைக் கட்டுறதுக்கு முன்னாடி விழுற பள்ளத்தை இல்லாம பண்ணு. கைப்பிடிச் சுவர் வை, மேடை போடு, முடியலைன்னா மட்டும் கயிறு.

பின்னாடி நூற்றாண்டுகள்ல நம்ம பக்கம் உயரம் விமானத்தை விட்டுட்டுக் கோபுரத்துக்கு மாறுது. கீழே கருங்கல், மேலே செங்கல், அதுக்கு மேல சுதை. மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் கோபுரம், கும்பகோணம் சாரங்கபாணி கோயிலோட 11 நிலை, கடைசியா டெல்டாவோட தலைவாசல்ல ஸ்ரீரங்கம். நூத்துக்கணக்கான வருஷம் மொட்டையா நின்ன ராஜகோபுரத்தை 236 அடிக்கு எழுப்பி 1987 மார்ச்சுலதான் குடமுழுக்கு நடத்தினாங்க. செங்கலும் சுண்ணாம்பும் கல்லு மாதிரி கனம் இல்லை. தலையில தூக்கிக்கிட்டு ஏறிடலாம். அதனால மண் பாதை தேவையில்லை, கம்புச் சாரம் போதும். வேலை லேசாச்சு, ஆளுக்குக் கீழே தரை காணாமப் போச்சு.

சாரம் கட்டுறதுல நம்ம ஆளுங்க கெட்டிதான், மறுக்கலை. முன்னாடி மூங்கில், 19-ம் நூற்றாண்டுல கடற்கரையெல்லாம் சவுக்குத் தோப்பு வந்தப்புறம் சவுக்குக் கம்பு. கயித்தை நனைச்சு முறுக்கிக் கட்டினா காய்ஞ்சதும் கம்பைக் கவ்விக்கும். கோபுரத்துக்குச் சாரம் கட்டுற பெரியவர் ஒருத்தர்கிட்ட வெத்தலை பாக்கு வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். "சாரம் ஆடணும் தம்பி, ஆடாத சாரம்தான் ஆளை முழுங்கும்"னார். மூங்கிலும் சவுக்கும் வளைஞ்சு கொடுத்துப் பாரத்தைப் பகிர்ந்துக்கும்கறதை அவரு அப்படிச் சொல்றாரு. சரி, பெல்ட்டு கொடுத்தா எங்கே மாட்டுவீங்கன்னு கேட்டேன். பெரியவர் சிரிச்சாரு. "சாரத்துலதான்."

இங்கேதான் சிக்கல். ஆடுறதுக்குன்னு கட்டின சாரம் நிக்கிறதுக்கு நல்ல இடம். விழுற ஆளைப் புடிக்கிறதுக்கு நல்ல இடமான்னு பார்க்க ஒரு சின்னக் கணக்கு. ஆளு, கருவி எல்லாம் சேர்த்து 100 கிலோ. ரெண்டு மீட்டர் விழறான். அதுக்குள்ள மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம் வந்துடும். இதைப் பத்து சென்டிமீட்டர் தூரத்துக்குள்ள நிறுத்தினா கயித்துல வர்ற இழுப்பு கிட்டத்தட்ட ரெண்டு டன்! நூறு கிலோ ஆளு, ரெண்டு டன் இழுப்பு. அமெரிக்காவோட தொழிற்பாதுகாப்பு விதியில ஒரு ஆளுக்கான ஆங்கர் 5,000 பவுண்டு, அதாவது 2,270 கிலோ தாங்கணும்னு போட்டிருக்கறது எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? கயித்துல ஷாக் அப்சார்பர்னு ஒரு மடிச்சுத் தைச்ச பட்டை சேர்ப்பாங்க. விழுறப்போ அந்தத் தையல் பிரிஞ்சுக்கிட்டே போய் வேகத்தைத் தின்னுடும். அது இருந்தா இழுப்பு 600 கிலோ சுமாருக்கு இறங்கும். அந்த 600 கிலோவையும் கயித்தால கட்டின சவுக்குக் கம்பு முடிச்சு திடீர்னு வாங்கணும். அந்தக் கம்புல இன்னும் நாலு பேர் நின்னுக்கிட்டு இருப்பாங்க.

சாரம் வேணாம், கோபுரத்துலயே மாட்டலாம்னா? கோபுரம் பூரா பிடி இருக்குற மாதிரிதான் தெரியும். பூதகணம் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கும், துவாரபாலகர் கதையை ஊனிக்கிட்டு நிப்பாரு, யாளி வாயைத் திறந்துக்கிட்டு வா வான்னு கூப்பிடும். எல்லாம் சுதை. உள்ளே செங்கல்லு, மேலே சுண்ணாம்புச் சாந்து, நடுவுல கம்பி இருந்தா அதுவும் துரு. பூதகணம் தன்னைத் தாங்கிக்கிறதே பெரிய விஷயம். உச்சியில வரிசையா நிக்கிற கலசத்துல மாட்டலாம்னா அது செம்புத் தகடு, உள்ளே வரகு.

இன்னொண்ணு, கோபுரம் மேலே போகப் போகக் குறுகும். நேராக் கீழே விழ முடியாது, அடுத்த நிலையோட விளிம்புலதான் போய் மோதணும். கயிறு 1.8 மீட்டர், தையல் பிரிஞ்சு நீள்றது ஒரு மீட்டருக்கு மேல, முதுகு வளையத்துலேர்ந்து கால் வரைக்கும் ஒன்றரை மீட்டர், கூட ஒரு மீட்டர் பாதுகாப்புக்கு. கூட்டினா ஆங்கருக்குக் கீழே ஐந்தரை மீட்டர், 18 அடி, எதுவும் இல்லாம சும்மா இருக்கணும். கோபுரத்துல அப்படி 18 அடி எங்கே கிடைக்கும்? அதனால தலைக்கு மேல ஆங்கர், கயிறு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஆங்கர் பக்கவாட்டுல தள்ளி இருந்தா இன்னும் மோசம். விழுறவன் ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய் சுவத்துல அடிப்பான், கயிறு அறுகாமலே ஆளு போயிடுவான்.

உங்க ஆஃபீஸ்லயும் யாராவது ஒருத்தர் கம்ப்யூட்டர்ல அந்தப் படம் வால்பேப்பரா இருந்திருக்கும். நியூயார்க்ல பாதி கட்டின கட்டடத்து 69-வது மாடியில, ஒத்தை இரும்பு உத்திரத்துல 11 பேர் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சாப்பாடு சாப்பிடுற படம். 1932 செப்டம்பர் 20. விளம்பரத்துக்காக உட்கார வச்சு எடுத்த படம்தான், ஆனா உயரம் நிஜம். உத்துப் பாருங்க, ஒருத்தர் இடுப்புலயும் கயிறு இல்லை. அந்தக் காலத்துல அது வீரம். இருந்தாலும் எங்கே கட்டியிருப்பாங்க? உட்கார்ந்திருக்குற உத்திரம் ஒண்ணுதான் இருக்கு.

அடுத்த வருஷமே அதே நாட்டுல இன்னொரு மூலையில கோல்டன் கேட் பாலம் வேலை தொடங்குது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்துக்கு அடியில நீளத்துக்கும் வலை கட்டினார். செலவு 1,30,000 டாலருக்கு மேல. வலையில விழுந்து பொழைச்சவங்க 19 பேரு. 'பாதி நரகத்துக்குப் போய்த் திரும்பினவங்க'ன்னு தங்களுக்குள்ளேயே சங்கம் வச்சுக்கிட்டாங்களாம். குசும்பு :-) ஆனா 1937 பிப்ரவரி 17-ல நடந்ததுல குசும்பு இல்லை. பாலத்துக்கு அடியில தொங்கிக்கிட்டிருந்த வேலை மேடை ஒண்ணு பிய்ச்சுக்கிட்டு வலை மேல விழுந்து, வலையையும் கிழிச்சுக்கிட்டுக் கடல்ல போச்சு. பத்துப் பேர் செத்தாங்க. வலை ஆளைப் புடிக்கப் போட்டது, டன் கணக்குல மேடையைப் புடிக்க இல்லை. கீழே அவ்வளவு செலவு பண்ணிப் பாதுகாப்பு, மேலே மேடையைப் பாலத்தோட புடிச்சிருந்த இணைப்பு கைவிட்டுடுச்சு.

பெல்ட்டோட கதை தனி. ரொம்ப நாளைக்கு இடுப்புப் பட்டை மட்டும்தான். கம்பத்துல சாய்ஞ்சு நின்னு வேலை பார்க்க அது வசதி, அதுக்குத்தான் வந்தது. விழுறவனைப் புடிக்கிறதுக்கும் அதையே போட்டாங்க. அத்தனை இழுப்பும் வயித்துல வந்து விழுந்தா உள்ளே என்ன ஆகும்னு சொல்ல வேணாம். அமெரிக்காவுல 1998 ஜனவரி 1-லேர்ந்து விழுறவனைப் புடிக்க இடுப்பு பெல்ட் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு. முழு ஹார்னஸ், தொடையிலயும் தோள்லயும் பாரம் பிரியுற மாதிரி. நம்ம நாட்டுல ஐ.எஸ். 3521 தரநிலையோட மூணாவது திருத்தம் 1999. ஆனா சைட்டுல இன்னிக்கும் பேரு 'பெல்ட்டு'தான்.

அதே 1998 ஜனவரி 1-ல இன்னொரு தடையும் வந்தது. அதைப் பத்தி யாரும் பேசலை, எனக்கு அதுதான் சுவாரசியம். பூட்டில்லாத கொக்கி கூடாது. வெறும் ஸ்பிரிங் கதவு உள்ள கொக்கியை வளையத்துல மாட்டிட்டு நீங்க இப்படியும் அப்படியும் திரும்பினா, வளையம் முறுக்கிக்கிட்டு கதவு மேல ஏறி அமுக்கி, தானா கழண்டு வெளிய வந்துடும். யாரும் தப்பு பண்ணலை, எதுவும் உடையலை, கொக்கி மட்டும் காத்துல தொங்கும். இப்ப வர்ற கொக்கியில கதவைத் திறக்க ரெண்டு தடவை தனித்தனியா அமுக்கணும். கொக்கி முதுகு ரெண்டு டன்னுக்கு மேல தாங்கும், ஆனா கதவு? அமெரிக்கத் தரநிலையில 2007 வரைக்கும் கதவு 220 பவுண்டு தாங்கினாப் போதும்னு இருந்துச்சு, நூறு கிலோ! இழுப்பு கொஞ்சம் கோணலாக் கதவு மேல வந்தா முடிஞ்சது. 2007-ல அதை 3,600 பவுண்டாக்கினாங்க. பழைய கொக்கியும் புதுக் கொக்கியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மேலே அடிச்சிருக்குற எண்ணைப் படிச்சாத்தான் தெரியும்.

சைட்டுல போட்டோ எடுத்து அனுப்புறாங்க, அதுல நான் பார்க்கிற கூத்து தனி. ஒரு கொக்கியில இன்னொரு கொக்கி. ஒரே வளையத்துல ரெண்டு கொக்கி. கயிறு நீளம்னு நடுவுல ஒரு முடிச்சு (முடிச்சுப் போட்டா கயித்தோட பலம் பாதி போயிடும்). உத்திரத்தைச் சுத்திக் கயித்தைக் கொண்டுவந்து அதே கயித்துல கொக்கியை மாட்டுறது, அதுக்குன்னு செஞ்ச கயிறுன்னாத் தவிர அது கூடாது. இரும்பு உத்திரத்தோட கூரான விளிம்புல நைலான் பட்டை, நடுவுல ஒரு சாக்குத் துணி கூட இல்லை. நம்ம ஊர்ல கிணத்து ஜகடைக் கயிறு கல்லு விளிம்புல உரசக் கூடாதுன்னு தென்னம்பாளையை மடிச்சு வைப்பாங்களே, அந்த அறிவு எங்கே போச்சுன்னு தெரியலை. மரம் ஏறுற ஆளுங்க காலுல போடுற தளைநாரையும் தினம் தடவிப் பார்த்துட்டுத்தான் ஏறுவாங்க. அவங்களுக்கு ஆங்கர் மரம், பட்டையைக் கையால தொட்டுப் பார்த்து நம்புறாங்க.

சட்டத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன், இல்லைன்னா பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவீங்க. 1948 தொழிற்சாலைச் சட்டம் ஃபேக்டரிக்கு. கொத்தனாரும் சித்தாளும் அதுக்குள்ள வரலை. தமிழ்நாட்டுல கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் போராடி 1982-ல உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994-ல நல வாரியம். டெல்லியில நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில நடந்த இயக்கத்துக்கு அப்புறம் 1996-ல மத்தியச் சட்டம். அதுல கட்டுமான வேலைன்னா கட்டடம் கட்டுறது மட்டுமில்லை, பழுது பார்க்கிறதும் பராமரிக்கிறதும் சேர்த்தி. கோபுரத்துக்கு வர்ணம் பூசுறதையும் அதுக்குள்ள கொண்டு வரலாம். ஆனா பத்துப் பேருக்குக் கம்மியா வேலை பார்த்தா அந்தச் சட்டம் கிடையாது, பத்து லட்சத்துக்குள்ள கட்டுற சொந்த வீட்டுக்கும் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலா தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கு. பத்துப் பேர் அப்படியே இருக்கு, சொந்த வீட்டு வரம்பு 50 லட்சமா ஏறியிருக்கு. எங்க தாலுக்காவுல கட்டுற வீட்டுல முக்கால்வாசி இந்த ஓட்டைக்குள்ள அடங்கிடும்.

இதே பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடிப் பையன் சிங்கப்பூருக்குப் போனா கதை வேற. 2013 மே 1-லேர்ந்து அங்கே உயரத்து வேலைக்குத் தனி விதி. வேலைக்கு முன்னாடி பயிற்சி, அதைத் தமிழ்லயே நடத்துறாங்க. ஆபத்தான உயரம்னா அனுமதிச் சீட்டு இல்லாம ஏற முடியாது. ஆங்கருக்குன்னே தனித் தரநிலை, எஸ்.எஸ். 570. என் கூடப் படிச்சவனோட அண்ணன் பத்து வருஷம் அங்கே இருந்துட்டு வந்து ஊர்ல வீடு கட்டினாரு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பூசுறப்போ கொத்தனாருக்கு ஹார்னஸ் வாங்கிக் கொடுத்தாரு. கொத்தனார் அதை மாட்டிக்கிட்டுக் கொக்கியைத் தண்ணித் தொட்டிக்குப் போற பிவிசி குழாய்ல மாட்டினாராம். அண்ணன் ஓடிப் போய் கழட்டி, மாடிப்படி அறையோட கான்கிரீட் தூணைச் சுத்திப் பட்டையைப் போட்டு அதுல மாட்டிக் கொடுத்திருக்காரு. "அங்கே சூப்பர்வைசர் பெல்ட்டைப் பார்க்க மாட்டாரு தம்பி, அண்ணாந்து கொக்கியைத்தான் பார்ப்பாரு"ன்னாரு. ஆளும் பெல்ட்டும் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், பார்க்கிற கண்ணு மாறியிருக்கு.

ஆங்கர் நல்லா இருந்தா மட்டும் போதாது, அது ஒட்டிக்கிட்டு இருக்குற சாமானும் நிக்கணும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறினப்போ டெல்டாவுல லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாய்ஞ்சது. தமிழ்நாடு பூராவுமிருந்து லைன்மேன்கள் வந்து சேத்துக்குள்ள நின்னு புதுக் கம்பம் நட்டாங்க. கம்பத்தைச் சுத்திப் பெல்ட்டு போட்டு ஏறுறதுதான் அவங்க வழக்கம். வழக்கமா அது சரி. ஆனா வயல் சேத்துல நேத்து நட்ட கம்பத்துல, சுத்தி மண்ணு இறுகறதுக்கு முன்னாடி ஏறினா? கம்பம் சாய்ஞ்சா பெல்ட்டு ஆளைக் காப்பாத்தாது, கம்பத்தோட சேர்த்துக் கட்டித் தள்ளும். மாடும் முளையும் கதையேதான், இந்தத் தடவை முளை மாட்டு மேலயே விழுது.

மறுபடி கோயில். 2020 பிப்ரவரி 5-ல பெரிய கோயில் குடமுழுக்கு நடந்தது, 1997-க்கு அப்புறம் 23 வருஷம் கழிச்சு. அதுக்கு முன்னாடி கலசத்தைக் கீழே இறக்கி, பொன்முலாம் பூசி, திரும்ப ஏத்தினாங்க. ஆயிரம் வருஷக் கல்லுல டிரில் வச்சு போல்ட்டு இறக்க முடியுமா? தொல்லியல் துறை விடாது, விடவும் கூடாது. ஓட்டை போடாமலே ஆங்கர் அமைக்க வழி இருக்கு. தட்டையான தளம் கிடைக்கிற இடத்துல கனமான எடைக்கட்டைகளை அடுக்கி, அதோட எடையும் உராய்வுமே பிடிமானமா நிக்கிற ஆங்கர் உண்டு. கல்லுல உறுதியான பகுதியைச் சுத்தி மெத்தை வச்சுப் பட்டை போடலாம். இல்லைன்னா சாரத்தையே இரும்புக் குழாய்ல, இத்தனை ஆளு விழுந்தாத் தாங்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கட்டலாம். மூணுக்கும் பொது விஷயம் ஒண்ணு: எங்கே மாட்டணும்னு மேலே ஏறினவன் முடிவு பண்றதில்லை. கீழே, வரைபடத்துல, சம்பளம் வாங்குற இன்ஜினியர் முடிவு பண்ணிக் கையெழுத்துப் போடுறாரு. காத்துல நிக்கிற ஆளுகிட்ட அந்தக் கணக்கைப் போடச் சொல்றது அநியாயம்னு எனக்குத் தோணுது. ரெண்டு டன்னுக்கும் இருநூறு கிலோவுக்கும் வித்தியாசம் தொட்டுப் பார்த்தாத் தெரியாது, நானே பேப்பர்ல போட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஊர் ஊரா இப்ப எழும்புற புதுக் கோபுரங்களுக்கு இந்தத் தர்மசங்கடம் கூடக் கிடையாது. உள்ளே கான்கிரீட் ஓடுது. சென்ட்ரிங் அடிச்சுக் கம்பி கட்டுறப்போவே ஒவ்வொரு நிலைக்கும் நாலு துருப்பிடிக்காத இரும்பு வளையத்தை உள் கம்பியோட சேர்த்து விட்டுடலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி ஆளு ஏறத்தான் போறாங்கன்னு பஞ்சாங்கமே சொல்லுதே. சுதைக்குப் பின்னாடி மறைஞ்சுடும், அழகுக்கும் பங்கமில்லை. அஞ்சு நிலைக் கோபுரத்துக்கு இருபது வளையம். மொத்தத் திருப்பணிக் கணக்குல நாதஸ்வரச் செலவுக்குக் கூட வராது.

யார் கொடுப்பான்னு கேப்பீங்க. நம்ம ஊர்க் கோயில்ல ட்யூப்லைட்டு வெளிச்சமே வராத அளவுக்கு அது மேல உபயதாரர் பேரை எழுதுற ஆளுங்க இருக்காங்க. வளையத்துலயும் எழுதிக்கட்டும். எத்தனை கிலோ தாங்கும்கற எண்ணுக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டா சரி.